உயர்த்திய பிக்கப்புக்குப் பெரிய டயர், பெரிய ரிம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸில் நம் ஆட்கள் பலர் இப்போது பிக்கப் ஓட்டுகிறார்கள். வாங்கிக் கொஞ்ச நாள் ஆனதும் வண்டியை உயரத் தூக்கி (இதைத்தான் லிஃப்ட் என்பார்கள்) பெரிய டயர் போடும் ஆசை வந்துவிடுகிறது. பிறந்தநாள் விருந்திலும் கோவில் வாகன நிறுத்தத்திலும் வாட்ஸ்அப் குழுவிலும் என்னிடம் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டு முழுவதும் 2015 முதல் 2023 வரையிலான ஃபோர்டு எஃப்-150 4×4 (நான்கு சக்கர இயக்க) வண்டிதான். அதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். வேறு வண்டி வைத்திருந்தால் எண்கள் மாறும், கணக்குப் போடும் முறை அதேதான்.

எங்கிருந்து ஆரம்பிக்கணும்? முதல்ல ரிம் வாங்கவா, லிஃப்ட் போடவா?

இரண்டும் வேண்டாம், முதலில் டயரை முடிவு செய்யுங்கள். வண்டி வாரத்தில் ஐந்து நாள் அலுவலகத்துக்கும் இரண்டு நாள் காஸ்ட்கோ கடைக்கும் போகிறதா, மாதம் ஒருமுறை படகு இழுக்கிறதா, யூட்டாவின் மோவாப் பாறைகளில் ஏறப்போகிறதா என்பதை வைத்து டயரின் உயரமும் வகையும் முடிவாகும். அந்த டயருக்குப் பொருந்தும் ரிம், அது உரசாமல் திரும்பத் தேவையான லிஃப்ட், இரண்டும் அதற்குப் பின்னால் வரும்.

பெரும்பாலோர் செய்வது இதற்கு நேர் எதிர். படத்தில் பார்த்த 22 இன்ச் ரிம்மை வாங்கிவிடுகிறார்கள். அதற்குப் பொருந்தும் டயரைத் தேடி, அது உரசுகிறதென்று லிஃப்ட் வாங்கி, கடைசியில் மட்கார்டை வெட்டுகிறார்கள். ஒவ்வொரு படியிலும் பணம் போகிறது.

டயர் மேல 275/65 ஆர் 18-னு இருக்கு. எல்லாரும் 33, 35-னு சொல்றாங்களே, அது எங்க எழுதியிருக்கு?

275 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்ற கணக்கில். 18 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். பக்கச்சுவர் 275-இல் 65 சதவீதம், அதாவது 178.75 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 357.5. ரிம் 457.2. மொத்தம் 814.7 மி.மீ., அதாவது 32.1 இன்ச். எஃப்-150-இன் எக்ஸ்எல்டி என்ற வகையில் பலவற்றில் கம்பெனியிலிருந்தே வரும் அளவு இது.

35×12.50 ஆர் 20 என்று எழுதியிருந்தால் கணக்கே வேண்டாம்: உயரம் 35, அகலம் 12.50, ரிம் 20. ஆனால் பேச்சில் 35 என்பதெல்லாம் 35 இல்லை. 315/70 ஆர் 17 டயரை எல்லோரும் 35 என்பார்கள், கணக்கில் வருவது 34.4. 275/70 ஆர் 18 என்பது 33.2. இடம் நெருக்கமாக இருக்கும்போது இந்த அரை இன்ச்தான் உரசுமா உரசாதா என்பதைத் தீர்மானிக்கிறது. அதனால் டயர் நிறுவனம் வெளியிடும் உண்மை விட்டத்தைப் பார்த்தே வாங்குங்கள்.

35 போட்டா வண்டி மூணு இன்ச் உயருமா?

இல்லை, பாதிதான். அச்சு டயரின் நடுவில் இருக்கிறது, அதனால் விட்டம் கூடுவதில் பாதி மட்டுமே உயரமாகும். 32.1-இலிருந்து 35-க்குப் போனால் 2.9 இன்ச்சில் பாதி, ஏறத்தாழ ஒன்றரை இன்ச்.

ஆனால் அந்த ஒன்றரை இன்ச் வேறு எதனாலும் கிடைக்காத ஒன்று. லிஃப்ட் கிட் உடலையும் சேஸிஸையும் தூக்கும். பின் அச்சின் அடியில் தொங்கும் டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவில் உள்ள பல்சக்கர உருண்டை) தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பெரிய டயர் மட்டுமே மாற்றும். பாறையில் முதலில் இடிப்பது அதுதான்.

லெவலிங் கிட், லிஃப்ட் கிட், பாடி லிஃப்ட் எல்லாம் ஒண்ணுதானே?

மூன்றும் வேறு. பிக்கப் கம்பெனியிலிருந்து வரும்போதே பின்பக்கம் சற்றுத் தூக்கலாக இருக்கும், சுமை ஏற்றினால் சமமாகட்டும் என்று. லெவலிங் கிட் முன்பக்கத்தை மட்டும் சுமார் 2 இன்ச் உயர்த்தி அதைச் சமமாக்குகிறது. மலிவு, வேலையும் குறைவு. ஆனால் பின்னால் பாரம் ஏற்றினால் வால் தாழ்ந்து முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். டிரெய்லர் இழுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

4 அல்லது 6 இன்ச் சஸ்பென்ஷன் லிஃப்ட் என்பது முன் சஸ்பென்ஷன் பிடிமானங்களையே கீழே இறக்கி அமைக்கும் பெரிய வேலை. ஸ்டியரிங் நக்கிள் (முன்சக்கரம் பொருத்தப்பட்டுத் திரும்பும் பாகம்), டிஃபரன்ஷியல் தாங்கி எல்லாம் மாறும். பாடி லிஃப்ட் சேஸிஸுக்கும் கேபினுக்கும் இடையில் கட்டை வைத்து உடலை மட்டும் தூக்குகிறது. டயருக்கு இடம் கிடைக்கும், சேஸிஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். எந்த வகையானாலும் பின்பக்க இலை ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு கட்டைக்கு மேல் இன்னொரு கட்டை அடுக்குவதை மட்டும் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது நழுவினால் அச்சே நகர்ந்துவிடும்.

எத்தனை இன்ச் தூக்கினா எந்த டயர் போகும்?

எஃப்-150-க்குப் பொதுவாகச் சொன்னால், எதுவும் தூக்காமலே கம்பெனி ரிம்மில் 33 பெரும்பாலும் போகும். 2 இன்ச் லெவலிங்கோடு 33 நிம்மதியாகப் போகும், 35 போட வேண்டுமென்றால் உள் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் வெட்ட நேரலாம். 4 இன்ச்சில் 35. 6 இன்ச்சில் 35 தாராளம், 37-க்கு மறுபடி வெட்டல் வேலை.

இதை அப்படியே நம்பி வாங்கிவிட வேண்டாம். ஒரே லிஃப்ட், ஒரே டயர் போட்ட இரண்டு வண்டிகளில் ஒன்று உரசும், மற்றது உரசாது. காரணம் ரிம்மின் ஆஃப்செட், அதாவது ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே உட்கார்கிறது என்பது. அதையும் பேக்ஸ்பேசிங்கையும் கீழே விளக்கியிருக்கிறேன். இன்னொரு விஷயம்: நக்கிள் மாறும் கிட் சிலவற்றில் 17 இன்ச் ரிம் உள்ளே இடிக்கும். எந்த விட்டம், எந்த பேக்ஸ்பேசிங் வேண்டுமென்று கிட்டோடு வரும் குறிப்புத்தாளில் அச்சிட்டிருப்பார்கள். ரிம்முக்குப் பணம் கட்டுவதற்கு முன் அந்தத் தாளைப் படியுங்கள்.

ரிம் 17 நல்லதா, 20 நல்லதா, 22 போட்டா என்ன?

35 டயரை வைத்துப் பார்ப்போம். 17 இன்ச் ரிம்மில் பக்கச்சுவர் 9 இன்ச் நிற்கும். 20-இல் ஏழரை, 22-இல் ஆறரை, 24-இல் ஐந்தரை. மேடு பள்ளத்தை முதலில் வாங்கிக்கொள்வது அந்த ரப்பர்தான். மணலிலும் பாறையிலும் காற்றைக் குறைத்து ஓட்டும்போது டயர் அகன்று பிடிப்பதும் அதனால்தான். பக்கச்சுவர் குறையக் குறைய அந்த வேலையை ரிம்மும் உங்கள் முதுகும் செய்ய வேண்டும்.

என் முடிவு: மண்ணில் இறங்குகிறவர்களுக்கு 17 அல்லது 18. சாலையில் மட்டும் ஓட்டி, பார்வைக்கும் கொஞ்சம் வேண்டும் என்பவர்களுக்கு 20. 22-க்கு மேல் போனால் டயர் விலை ஏறும், வகை குறையும், ஒரு குழியில் ரிம் விளிம்பு வளையவும் வாய்ப்பு அதிகம். எவ்வளவு சிறிய ரிம் போடலாம் என்பதை அதற்குள் அடங்க வேண்டிய பிரேக் கேலிப்பர் முடிவு செய்யும். கம்பெனியே 17 கொடுத்த வண்டியென்றால் பயமில்லை.

ஆஃப்செட், பேக்ஸ்பேசிங்... இதுதான் தலையே சுத்துது. கொஞ்சம் புரியுற மாதிரி சொல்லுங்க அண்ணா.

ரிம்மின் அகலத்துக்கு நடுவில் ஒரு கோடு போடுங்கள். ரிம் வண்டியில் ஒட்டி நிற்கும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். முகம் வெளிப்பக்கம் இருந்தால் பிளஸ், ரிம் உள்ளே போகும். உட்பக்கம் இருந்தால் மைனஸ், ரிம் வெளியே துருத்தும். பேக்ஸ்பேசிங் என்பதும் இதே தகவல்தான், ரிம்மின் உள் விளிம்பிலிருந்து அந்த முகம் வரை இன்ச்சில் அளப்பது.

எஃப்-150-இன் 18 இன்ச் கம்பெனி ரிம் ஏழரை இன்ச் அகலம், ஆஃப்செட் +44. அதற்குப் பதில் 9 இன்ச் அகலம், +18 போட்டால் வெளி விளிம்பு 45 மி.மீ. வெளியே வரும், உள்ளே 7 மி.மீ. இடம் கூடும். அதே 9 இன்ச், ஆஃப்செட் 0 என்றால் வெளியே 63, உள்ளே 25. படங்களில் மட்கார்டைத் தாண்டி நிற்கும் 12 இன்ச், -44 ரிம் 145 மி.மீ. வெளியே போகிறது, கிட்டத்தட்ட 6 இன்ச்.

வெளியே தள்ளத் தள்ள மூன்று தொல்லைகள். வளைவில் டயர் சுழலும் வட்டம் பெரிதாகி முன் பம்பரிலும் பின் பிளாஸ்டிக்கிலும் உரசும். சக்கர பேரிங்கிலும் பால் ஜாயின்ட்டிலும் நெம்புகோல் போல விசை கூடும், குழியில் ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். கல்லும் சேறும் உங்கள் கதவிலும் பின்னால் வருபவர் கண்ணாடியிலும் அடிக்கும். லெவலிங்கோடு 33 போடுபவருக்கு +18 நல்ல நடுநிலை. 4, 6 இன்ச் கிட் போட்டு 12.50 அகல டயர் போடுபவருக்கு 0 வரை நியாயம் உண்டு. அதைத் தாண்டி மைனஸுக்குப் போவது தோற்றத்துக்காக மட்டும்தான்.

நண்பர் அவரோட செவர்லே சில்வராடோ பிக்கப்புல இருந்து கழட்டின ரிம் சும்மா தர்றார். அதுலயும் ஆறு நட்டுதான். போடலாமா?

போடக் கூடாது. எஃப்-150-இல் ஆறு நட்டுகள் 135 மி.மீ. வட்டத்தில் நிற்கின்றன. சில்வராடோ 1500-இல் அது 139.7. 4.7 மில்லிமீட்டர்தானே என்று முறுக்கி ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். நட்டு சரியாக அமராது, ஓடும்போது தளரும், சக்கரம் கழன்று போகும். அடாப்டர் போடலாம் என்பார்கள். அதன் தடிமன் அப்படியே ஆஃப்செட்டில் கழியும், மேலே சொன்ன தொல்லைகள் அத்தனையும் கூட வரும்.

சரியான வட்டம் இருந்தாலும் நடுத்துளையைப் பாருங்கள். எஃப்-150 ஹப் 87.1 மி.மீ. வெளிச்சந்தை ரிம்கள் பல வண்டிகளுக்குப் பொருந்தட்டும் என்று பெரிய துளையோடு வரும். அந்த இடைவெளிக்கு வளையம் போட்டால் ரிம் நடுவில் உட்கார்வது எளிது. நட்டு எம்14×1.5, ரிம்முக்கு ஏற்ற கூம்பு உள்ளதாக வாங்குங்கள். டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பானர்) 150 அடி-பவுண்டுக்கு முறுக்கி, 50 முதல் 100 மைல் ஓட்டிய பின் மறுபடி சரிபாருங்கள். இது விட்டுப்போகாமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

ஆல்-டெரெய்ன் எடுக்கவா, மட்-டெரெய்ன் எடுக்கவா?

உண்மையிலேயே சேற்றில் வாரந்தோறும் இறங்குகிறவர் தவிர மற்ற எல்லோருக்கும் ஆல்-டெரெய்ன், அதாவது தார்ச்சாலை, மண் இரண்டுக்குமான டயர். சேற்றுக்கென்றே செய்த மட்-டெரெய்ன் ஈரத் தார்ச்சாலையில் பிடிப்பு குறைவு, இரைச்சல் அதிகம், தேய்மானமும் வேகம். குளிர்காலத்தில் கொலராடோ பக்கம் போகிறவர்கள் பக்கச்சுவரில் மூன்று சிகரமும் பனித்துகளும் உள்ள முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

10 பிளை, லோட் ரேஞ்ச் ஈ தான் பெஸ்ட்னு கடைக்காரர் சொன்னார். சரியா?

சில பேருக்குச் சரி. சி, டி, ஈ என்பவை பக்கச்சுவரின் பலத்தையும், எவ்வளவு காற்று தாங்கும், அதனால் எவ்வளவு சுமை தாங்கும் என்பதையும் குறிக்கும் தரங்கள். 10 பிளை என்பது ஈ தரத்தின் பழைய பெயர். அடிக்கடி கனமான டிரெய்லர் இழுப்பவர், கூர்கல் பாதையில் போகிறவர் ஈ எடுக்கட்டும். வெறும் வண்டியை ஓட்டுபவருக்கு ஈ தேவையில்லாத எடை, தேவையில்லாத விறைப்பு. உங்கள் அளவில் சி கிடைத்தால் அதைப் பாருங்கள். கம்பெனி டயரை விட 35 ஈ டயர் ஒவ்வொன்றும் 20 பவுண்டு, சில சமயம் அதற்கு மேலும், கனம் கூடுதல். அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே சுழல்கிறது, பிரேக் பிடிக்கும்போது நன்றாகத் தெரியும்.

எந்தத் தரமானாலும் ஒரு கணக்கு கட்டாயம். ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டிய தாளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் அதிகபட்ச எடை போட்டிருக்கும். அதில் பாதியையாவது ஒவ்வொரு டயரும் தாங்க வேண்டும், ஒவ்வொரு ரிம்மும் தாங்க வேண்டும். ரிம்முக்கும் சுமை எண் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. பின்புறம் வார்த்திருப்பார்கள். அந்த எண் எங்கும் இல்லாத மலிவு ரிம்மை வாங்காதீர்கள்.

காத்து எவ்வளவு அடிக்கணும்? கதவுல 35 பிஎஸ்ஐ-னு இருக்கே, அதையே அடிக்கலாமா?

கதவில் இருக்கும் எண் அந்த வண்டிக்கு வந்த கம்பெனி டயருக்கு உரியது. எல்டி என்று தொடங்கும் லாரி வகை டயர் அதே காற்றில் குறைவான எடையைத்தான் தாங்கும். அதனால் சாதாரண டயரிலிருந்து அதே அளவு எல்டி டயருக்கு மாறினால் காற்று கூட வேண்டும். டயர் நிறுவனங்கள் எந்த அழுத்தத்தில் எவ்வளவு எடை என்ற அட்டவணையை வெளியிடுகின்றன. முந்தைய பதிலில் சொன்ன அச்சு எடையில் பாதியை அதில் தேடி எடுங்கள். கார் வகைக் கம்பெனி டயரோடு ஒப்பிடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: பிக்கப்பில் போட்டால் அதன் சுமைத் திறனை 1.10-ஆல் வகுக்க வேண்டும் என்பது விதி. சுமை எண் 116 என்றால் 2,756 பவுண்டு, பிக்கப்பில் அது 2,505.

பக்கச்சுவரில் அச்சிட்ட அதிகபட்ச அழுத்தத்தை அடிக்கவே அடிக்காதீர்கள், வெறும் வண்டியில் டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும். குறைவாக அடிப்பது அதைவிட ஆபத்து. பக்கச்சுவர் வளைந்து வளைந்து சூடேறி, அடுக்குகள் பிரியும். 2000-ஆம் ஆண்டு ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர்களில் டயர் அடுக்கு பிரிந்து வண்டி உருண்டு, அமெரிக்காவில் மட்டும் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டயர் குறைபாட்டோடு சேர்த்து, அந்த வண்டிக்குப் பரிந்துரைத்த 26 பிஎஸ்ஐ என்ற குறைந்த அழுத்தமும் அப்போது பெரிய விவாதமானது. இன்று எல்லா வண்டிகளிலும் காற்று குறைந்தால் விளக்கு எரிவது அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தால்தான். புது ரிம்மிலும் அந்த உணரியைப் போடச் சொல்லுங்கள். டெக்சாஸ் வெயிலில் எல்லா விதத்திலும் இது தேவை.

ஸ்பீடோமீட்டர் தப்பா காட்டுமா?

காட்டும், குறைத்துக் காட்டும். 32.1-க்குப் பதில் 35 என்றால் 9 சதவீதம். முள் 70-இல் நிற்கும்போது நீங்கள் 76-இல் போகிறீர்கள். ஆஸ்டினுக்கு அருகே 130-ஆம் எண் மாநில நெடுஞ்சாலையின் ஒரு பகுதியில் 85 மைல் வேகம் அனுமதி. முள்ளை நம்பி 85-இல் போனால் உண்மையில் 92-ஐத் தாண்டியிருப்பீர்கள். பல மட்-டெரெய்ன் டயர்களில் தாங்கும் வேகத்தைக் குறிக்கும் எழுத்து கியூ, அதன் எல்லை 99 மைல். நெருக்கமாகிவிட்டது பாருங்கள்.

சரிசெய்வது எளிது. ஃபோர்ஸ்கேன் மென்பொருளாலோ, கையடக்கக் கருவியாலோ, கடையிலோ டயர் சுற்றளவை மாற்றி எழுதலாம். தானியங்கி கியர் எப்போது மாற வேண்டும், வழுக்கலைத் தடுக்கும் அமைப்பு எப்போது தலையிட வேண்டும் என்பதும் இந்த எண்ணைச் சார்ந்தது. அதனால் டயர் மாற்றிய அன்றே செய்துவிடுங்கள்.

35 போட்டதும் மைலேஜ் 20-ல இருந்து 16-க்கு வந்துடுச்சு. ஏமாந்துட்டேனா?

முந்தைய பதிலைப் பாருங்கள். அளவு மாற்றி எழுதவில்லையென்றால் ஓடிய தூரமும் 9 சதவீதம் குறைவாகவே பதிவாகிறது. 16 என்று வந்தால் உண்மை ஏறத்தாழ 17.4. மிச்சம் குறைந்ததற்குக் காரணம் டயரின் எடை, அகலம், உயர்ந்த வண்டி கிழிக்க வேண்டிய காற்று. நெடுஞ்சாலையில் அது நிரந்தரம்.

குத்தகைக்கு எடுத்த வண்டியென்றால் அளவை மாற்றி எழுத இன்னொரு காரணமும் சேர்கிறது: ஓடிய மைல் குறைவாகப் பதிவாவதை அப்படியே விட்டுத் திருப்பிக் கொடுப்பது சட்டச் சிக்கல்.

வண்டி வேகம் எடுக்கிறது குறைஞ்சுடுச்சு. டிரெய்லர் இழுக்குறவங்க என்ன செய்யணும்?

பெரிய டயர் கியர் விகிதத்தைத் தின்றுவிடும். பின் அச்சின் விகிதம் 3.55 என்றால், அதாவது தண்டு 3.55 முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறை சுழலும் என்றால், 35 டயரோடு அது 3.26 போல நடந்துகொள்ளும். 3.73 இருந்தால் 3.42. பத்து கியர் வண்டிகள் இதை நன்றாகச் சமாளிக்கின்றன. வெறும் வண்டிக்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

கனமாக இழுப்பவர் பழைய 3.55 போல வேண்டுமென்றால் கணக்குப்படி 3.87 தேவை. அருகில் கிடைப்பது 3.73 அல்லது 4.10. 4×4 வண்டியில் முன், பின் இரண்டு டிஃபரன்ஷியலிலும் மாற்ற வேண்டும், செலவு டயர் செட்டையே தாண்டும். அடிக்கடி இழுப்பவர்களுக்கு 33-லேயே நிற்கச் சொல்வேன். வண்டி உயர்ந்த அளவுக்கு டிரெய்லர் கொக்கியையும் தாழ்த்த வேண்டும், இல்லையென்றால் டிரெய்லரின் மூக்கு வானம் பார்க்கும்.

லிஃப்ட் போட்டும் உரசுது! கடைக்காரர் 6 இன்ச் போடுங்கன்னு சொல்றார். போடவா?

எங்கே உரசுகிறது என்று முதலில் பாருங்கள். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, மெதுவாக முன்னாலும் பின்னாலும் ஓட்டச் சொல்லி வெளியே நின்று கவனியுங்கள். பின்னால் வரும்போது மட்டும் உரசுவது நிறைய உண்டு. அப்புறம் ஒரு பக்க முன்சக்கரத்தை நடைமேடை விளிம்பில் ஏற்றி அதே சோதனை.

பம்பரின் கீழ்மூலையிலோ சக்கரக் குழியின் பின் பிளாஸ்டிக்கிலோ உரசினால் ஆஃப்செட் காரணமாக இருக்கும், உயரத்தால் பெரிதாகத் தீராது. பிளாஸ்டிக்கைச் சூடாக்கித் தள்ளுவது, கொஞ்சம் வெட்டுவது, பின் பிளாஸ்டிக்கில் உரசினால் அலைன்மென்ட்டில் சக்கரத்தைச் சற்று முன்னுக்குத் தள்ளுவது ஆகியவை பலன் தரும். உட்பக்கம் மேல் ஆர்மிலோ சேஸிஸிலோ உரசினால் ரிம் அளவுக்கு மீறி உள்ளே இருக்கிறது.

குழியில் இறங்கும்போது மட்டும் மேலே உரசினால் கவனியுங்கள். ஸ்பேசர் வகை லெவலிங் வண்டி நிற்கும் உயரத்தை மட்டுமே கூட்டுகிறது. சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கும்போது டயர் கம்பெனி வண்டியில் எங்கே போய் நிற்குமோ அங்கேயேதான் போய் நிற்கும். பிடிமானங்களை இறக்கும் 4, 6 இன்ச் கிட்டில்தான் அந்த எல்லையும் இறங்குகிறது. அந்த இடத்தில் உரசினால் மட்டும் கடைக்காரர் சொல்வது நியாயம்.

60 மைல் தாண்டினா ஸ்டியரிங் நடுங்குது. லிஃப்ட் தப்பா போட்டுட்டாங்களா?

முதலில் பேலன்சிங். பெரிய டயருக்குச் சுமை கொடுத்துச் சுழற்றிப் பார்க்கும் இயந்திரம் உள்ள கடைக்குப் போங்கள். அது சரியென்றால் நடுத்துளை வளையம், நட்டு இறுக்கம். லிஃப்ட்டுக்குப் பின் அலைன்மென்ட் கட்டாயம், அது விட்டுப்போனால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். 4×4-இல் போட்டு ஏறும்போது மட்டும் நடுக்கம் வந்தால் முன் அச்சுத் தண்டின் கோணம் அதிகமாகியிருக்கலாம். லெவலிங்கை அளவுக்கு மீறி உயர்த்திய வண்டிகளில் வருவது இது.

ஸ்டெப்னி பழசே இருக்கட்டுமா?

4×4-இல் ஓட்டும்போது நான்கு டயரும் ஒரே சுற்றளவு வேண்டும். பின் அச்சில் ஒரு பக்கம் 32, மறுபக்கம் 35 என்றால் டிஃபரன்ஷியல் ஓயாமல் சுழன்று சூடாகும். நகருக்குள் கடைவரை மெதுவாகப் போக, இரண்டு சக்கர இயக்கத்தில், பழைய ஸ்டெப்னி போதும். அதுவும் முன்சக்கரத்தில்தான் போட வேண்டும். பின்னால் பஞ்சரானால் முன் டயரைப் பின்னுக்கு மாற்றுங்கள். காட்டுப் பக்கம் போகிறவர் ஐந்தாவது டயர் வாங்கட்டும். பெட்டிக்கு அடியில் 33 பெரும்பாலும் அடங்கும், 35 அடங்குவது சந்தேகம். வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள்.

அம்மா அப்பா ஊர்ல இருந்து ஆறு மாசம் வந்து தங்குவாங்க. ஏற முடியுமா? கராஜ்ல நிக்குமா?

நல்ல கேள்வி, லிஃப்ட் போடுவதற்கு முன்பே கேட்க வேண்டியது. எஃப்-150 4×4-இன் உயரம் ஏறத்தாழ 77 இன்ச். 6 இன்ச் லிஃப்ட், டயரால் ஒன்றரை இன்ச், மொத்தம் 84.5. வழக்கமான 7 அடி கராஜ் கதவு 84 இன்ச். நிற்காது. லெவலிங்கும் 33-ம் என்றால் தாராளமாக நிற்கும்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு 6 இன்ச் தூக்கிய வண்டி உண்மையான சிரமம். கதவு திறந்ததும் இறங்கும் மின்படி போடலாம், விலை அதிகம். பெற்றோர் வருடாவருடம் வருகிற வீடு என்றால் 2 இன்ச்சோடு நிறுத்துங்கள்.

போலீஸ், வாரன்டி, இன்ஷூரன்ஸ்... எதுல மாட்டுவேன்?

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. டெக்சாஸில் முகப்பு விளக்கு தரையிலிருந்து 24-க்கும் 54 இன்ச்சுக்கும் இடையில் இருக்க வேண்டும். 2025 முதல் தனியார் வண்டிகளுக்கு வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனை அங்கே இல்லை, அதனால் யாரும் கண்டுபிடித்துச் சொல்ல மாட்டார்கள், பொறுப்பு உங்களுடையது. பல மாநிலங்களில் டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்தக் கூடாது. வட கரோலினாவில் 2021 டிசம்பர் முதல், முன் மட்கார்டு பின்னதை விட 4 இன்ச் அல்லது அதற்கு மேல் உயர்ந்திருந்தால் குற்றம். தென் கரோலினாவும் 2023-இல் தடை கொண்டுவந்தது. எங்கே இருந்தாலும், தூக்கிய அன்றே முகப்பு விளக்கின் கோணத்தைத் தாழ்த்திவிடுங்கள். எதிரே வருபவருக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது.

வாரன்டி முழுவதும் போய்விடும் என்பது தவறு. 1975-இன் மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வெளிப்பொருள் போட்டதற்காக மட்டும் வாரன்டியை மறுக்க முடியாது. கெட்டுப்போனதற்கு அந்தப் பொருள்தான் காரணம் என்று காட்ட வேண்டும். 37 டயர் போட்டு முன் அச்சுத் தண்டு உடைந்தால் காட்டுவது அவர்களுக்கு எளிது, ஏசி கெட்டால் முடியாது. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

கோயம்புத்தூர்ல தம்பி இசுசு வி-கிராஸ் பிக்கப் வெச்சிருக்கான். அவனும் இதே மாதிரி தூக்கலாமா?

இந்தியாவில் சட்டம் வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தம்பியிடம் லிஃப்ட் வேண்டாம் என்று சொல்லுங்கள். 255/60 ஆர் 18 வரும் வண்டியென்றால், அதே அளவிலேயே நல்ல ஆல்-டெரெய்ன் டயர் போட்டால் மலைப்பாதைக்குப் பெரிய வித்தியாசம் தெரியும்.

ஃபேஸ்புக்ல ரிம், டயர் ரெண்டும் சேர்த்து பாதி விலைக்கு வருது. எடுக்கலாமா?

பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள், அது டயர் செய்த தேதி. 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டியதை, பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், விட்டுவிடுங்கள். டெக்சாஸ் வெயிலில் நின்ற டயர் உள்ளே காய்ந்திருக்கும். நான்கிலும் தேதியும் பட்டன் ஆழமும் ஒத்திருக்க வேண்டும், காரணம் ஸ்டெப்னி பதிலில் சொன்னதுதான். ரிம்மின் பின்புறத்தில் நட்டு வட்டம், ஆஃப்செட், சுமை எண் மூன்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

இவ்வளவு வேலைக்கு நேரா எஃப்-150-லயே ஆஃப்-ரோடு வகையான ட்ரெமரோ ராப்டரோ வாங்கிடலாமே?

இன்னும் வண்டியே வாங்காதவர் என்றால், பல நேரம் என் பதில் ஆம். ட்ரெமர் 275/70 ஆர் 18, அதாவது 33 டயரோடு கம்பெனியிலிருந்தே வருகிறது. ராப்டர் 35-ஓடு வரும், 2021 வடிவத்திலிருந்து 37-ம் தேர்ந்தெடுக்கலாம். அகலமான உடல், நீண்ட சஸ்பென்ஷன், 4.10 கியர் எல்லாம் அந்த டயருக்காகவே வடிவமைத்தவை. வாரன்டி முழுமையாக இருக்கும், ஸ்பீடோமீட்டர் சரியாகக் காட்டும்.

ஏற்கெனவே எக்ஸ்எல்டி வைத்திருப்பவர் ராப்டருக்காக அதை விற்க வேண்டியதில்லை. 2 இன்ச் லெவலிங், கம்பெனி ரிம்மிலேயே 275/70 ஆர் 18 ஆல்-டெரெய்ன், அலைன்மென்ட், சுற்றளவு மாற்றி எழுதல். நான் அதிகம் பேருக்குச் சொன்னது இதைத்தான். ராப்டருக்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசத்தில் ஐந்தாவது டயரும் நல்ல டார்க் ரெஞ்சும் வாங்கி, பெரும்பகுதி மிச்சமாகவே இருக்கும்.